முதலில் குரல், பிறகு படம்

மாவட்டப் பதிப்பில் வேலை செய்யும் புகைப்படக்காரரின் வாரம் எப்படிப் போகும் என்பதை இந்த நூலைக் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். மறுநாள் ஒரு சாலை மறியல். அதற்கு நடுவே கோயில் கொடியேற்றம், அமைச்சர் வருகை, எங்கோ ஒரு விபத்து. ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குத் தேவைப்படுவது ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. அந்த ஒரு படத்துக்காக ஓர் ஊரில் அரை நாள் நின்றிருப்பீர்கள். நாலு பேர் உங்களிடம் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள். அவ்வளவும் அச்சில் ஏறாமலே போய்விடும். அப்படி விட்டுப்போகும் பகுதியை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் வழியைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

இங்கே பல்லூடகக் கதை என்று நான் சொல்வது பெரிய ஆவணப்படத்தை அல்ல. இரண்டு முதல் நான்கு நிமிடம் ஓடக்கூடியது. நிழற்படங்கள், ஒரு மனிதரின் குரல், அந்த இடத்தின் ஒலிகள், தேவையான இடத்தில் மட்டும் சில நொடிக் காணொலி. ஒருவரே எடுத்து ஒருவரே வெட்டி முடிக்கக்கூடிய அளவு.

இதில் இறங்கும் புகைப்படக்காரர்கள் பலர் முதலில் விலை விசாரிப்பது வீடியோ கேமராவை. முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல மைக்கும் ஒரு ஹெட்போனும் என்பது என் உறுதியான கருத்து. பார்ப்பதற்கு உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது பல வருடப் பழக்கம். கேட்பதுதான் புதிது. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன்: குரலை முதலில் பதிவு செய்யுங்கள், குரலை முதலில் வெட்டி முடியுங்கள், படத்தை அதற்குப் பிறகு அதன் மேல் வையுங்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று. 2009-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ‘ஒன் இன் எய்ட் மில்லியன்’ என்ற தொடரை இணையத்தில் வெளியிட்டது. எண்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் பெயர் தெரியாத ஒருவர், அடுத்த முறை இன்னொருவர் என்று மொத்தம் 54 பேரின் கதைகள். டாட் ஹெய்ஸ்லர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓட, அவரவர் கதையை அவரவர் குரலிலேயே சொன்னார்கள். செய்தியாளரின் விவரிப்பு கிடையாது. அசையும் காட்சி இல்லாமலே அந்தத் தொடர் எம்மி விருது வாங்கியது. உலகப் பத்திரிகை ஒன்று தன் சொந்த ஊர்க்காரர்களைத் தேடிப்போய் எடுத்த உள்ளூர்க் கதைகள்தான் அவை. அந்த முறை தூத்துக்குடிக்கும் பொருந்தும், தருமபுரிக்கும் பொருந்தும்.

நம் பக்கத்தில் மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமாரின் வேலையைத் தேடிப் பாருங்கள். பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ இணைய ஆவணக் காப்பகத்துக்காக ராமநாதபுரம் கடற்கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் என்று ஒரே மக்களிடம் நெருங்கி நின்று எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் இருப்பவர்கள் கேமராவைப் பார்த்து விறைத்துப் போவதில்லை. அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட பிறகு எடுத்த படங்கள் என்பது பார்த்தவுடன் தெரியும்.

பொருள் வேறு, கதை வேறு

இனி ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போவோம். தூத்துக்குடி உப்பளம். ‘உப்பளத் தொழிலாளர்’ என்று டெஸ்க்கில் சொன்னால் அது பொருள். அதை வைத்துக்கொண்டு களத்தில் இறங்கினால் எல்லாவற்றையும் எடுப்பீர்கள். கடைசியில் எதுவும் ஒன்றோடொன்று சேராது. கதை என்பது ஒரு மனிதர், ஒரு கால அளவு, ஒரு கேள்வி. ‘வெயில் ஏறுவதற்குள் இந்த அக்கா தன் பாத்தியை வாரி முடித்துவிடுவாரா?’ இது கதை. அந்தக் கேள்விக்குள்ளேயே விடியலுக்கு முன் வேலை தொடங்கும் காரணம், உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் கண் படும் பாடு, கூலி, வீடு எல்லாம் தாமாக வந்து சேரும். வெயிலோடு நடக்கும் அந்த ஓட்டம் உங்கள் கதைக்குத் தொடக்கமும் முடிவும் கொடுத்துவிடும்.

தொழிலைப் பற்றி அடிப்படையாவது தெரிந்துகொண்டு போங்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ மூன்று டிகிரி. அதையோ நிலத்தடி உவர்நீரையோ மோட்டார் போட்டு இறைத்து, பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவிட்டு, ஏறத்தாழ 25 டிகிரி வரும்போது உப்பு படியத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வருமானமும் நின்றுவிடும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். இவ்வளவு தெரிந்திருந்தால் கேட்கும் கேள்வியின் தரமே மாறிவிடும். ‘கஷ்டமா இருக்காக்கா?’ என்று கேட்டால் ‘ஆமா தம்பி’ என்று பதில் வரும். ‘பாத்தியில உப்பு வாருற பக்குவத்துக்கு வந்துருச்சுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை அசைத்து, தன் தொழிலைப் பற்றிப் பேசுவார். பாவப்பட்டவராகக் காட்டாமல் தொழில் தெரிந்தவராகக் காட்டுவதற்கு அந்த ஒரு கேள்வியே போதுமான தொடக்கம்.

முதல் முறை போகும்போது கேமராவைப் பையைவிட்டு எடுக்காதீர்கள். யார் எங்கே நிற்கிறார்கள், மோட்டார் எந்தப் பக்கம் ஓடுகிறது, வெளிச்சம் எந்த வரப்பின் பின்னாலிருந்து வருகிறது, டீ எப்போது குடிப்பார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். யார் நன்றாகப் பேசுவார் என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். சங்கத் தலைவரோ மேஸ்திரியோ காட்டிவிடுகிற ஆளையே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஏற்கெனவே பல நிருபர்களிடம் சொன்ன வாக்கியங்களையே உங்களிடமும் சொல்வார். கூட்டத்தில் மற்றவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பவர் யாரென்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர்தான் உங்கள் ஆள்.

ஒலி: இங்கே நேரம் செலவழியுங்கள்

இரண்டு வகை ஒலி உங்களுக்கு வேண்டும். ஒன்று பேச்சு. மற்றது இடத்தின் ஒலி. இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

பேச்சுக்குச் சட்டையிலோ சேலை முந்தானையிலோ குத்துகிற காலர் மைக் போதும். கைக்கடக்கமான ரெக்கார்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மைக்கைக் கைபேசியில் செருகிப் பதிவு செய்யலாம். கைபேசியை ஃப்ளைட் மோடில் போட மறந்தால் நல்ல பதிலின் நடுவில் டெஸ்க்கிலிருந்து அழைப்பு வரும். ரெக்கார்டரில் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அவர் உரக்கப் பேசும்போது ஒலிமானி கழித்தல் 12 டெசிபல் பக்கம் எட்டினால் சரி. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் கரகரத்துப் போகும். எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. மெதுவாகப் பதிவானதைக் கூட்டிக்கொள்ளலாம், வெடித்துப் பதிவானதைக் குறைக்க முடியாது.

ஹெட்போனை மாட்டாமல் ஒரு நொடிகூடப் பதிவு செய்யாதீர்கள். காதுக்கு நேராகக் கேட்கும்போது மூளை வேண்டாத ஒலிகளை ஒதுக்கிவிடுகிறது. மைக் ஒதுக்காது. வளையல் மைக் கம்பியில் உரசுவது, முந்தானை சலசலப்பது, பக்கத்து வீட்டு டிவியில் ஓடும் சீரியல், எல்லாம் ஹெட்போனில்தான் தெரியவரும்.

எங்கே பேச வைப்பது? வேலை நடக்கும்போது உப்பளத்தில் நீண்ட பேட்டி எடுக்காதீர்கள். ஒன்று, அவர் கூலி வேலையில் இருக்கிறார். இரண்டு, கடற்காற்று மைக்கில் மோதும். கண்டிப்பாக அங்கே ஏதாவது பதிவு செய்ய வேண்டுமென்றால் மைக்குக்குப் பஞ்சுபோன்ற ரோம உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். முதன்மையான பேட்டியை வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, சற்று ஓய்ந்த பிறகு வீட்டில் எடுங்கள். ஓட்டுக் கூரை, துணிமணி, பாய் இருக்கும் சிறிய அறை நல்ல அறை, எதிரொலி வராது. வெறும் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள கூடம் மோசமான இடம். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். தூத்துக்குடி வெக்கையில் அது பெரிய கோரிக்கைதான், எனவே ஐந்து நிமிடம் பேசி, விசிறியைப் போட்டு இளைப்பாறி, மறுபடி பேசுங்கள். அந்த இடைவெளியில் அவர் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் பேட்டியில் சொன்னதைவிட நன்றாக இருக்கும். விசிறியை நிறுத்தியதும் ‘இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கக்கா’ என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் குரல் கதையில் இருக்கப் போவதில்லை. ஆகவே பதில் தனியாக நின்றாலும் புரிய வேண்டும். ‘எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?’ ‘ரெண்டு மணி.’ இதை வைத்து என்ன செய்ய முடியும்? ‘நேத்து ராத்திரி எந்திரிச்சதுல இருந்து பாத்தியில இறங்குற வரைக்கும் என்ன செஞ்சீங்கன்னு முழுசா சொல்லுங்கக்கா’ என்று கேட்டால் சோறு வடித்தது, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்தது, இருட்டில் வண்டிக்குக் காத்திருந்தது எல்லாம் வரிசையாக வரும். ‘பொதுவாக’ என்று கேட்காமல் ‘நேற்று’ என்று கேட்பதுதான் இதில் உள்ள நுட்பம். பொதுவாகக் கேட்டால் கருத்து வரும். நேற்றைப் பற்றிக் கேட்டால் காட்சி வரும்.

அவர் பேசும்போது ‘ம்’, ‘சரி சரி’ என்று சொல்லும் பழக்கத்தை நிறுத்துங்கள். தலையை மட்டும் அசையுங்கள். அவர் முடித்த பிறகு உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மூன்று நான்கு நொடி அமைதியாக இருங்கள். பதில் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

அடுத்தது இடத்தின் ஒலி. உப்பளத்தில் என்னவெல்லாம் கேட்கும் என்று கண்ணை மூடி நின்று எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும் சத்தம், உவர்நீர் வாய்க்காலில் விழுவது, வாரும் பலகை உப்புப் படிவத்தை இழுக்கும் கரகரப்பு, ஈர உப்பு கூடையில் விழுவது, வரப்பில் நடக்கும் கால்கள், லாரியில் மூட்டை விழுவது, காலைச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சும் சிரிப்பும். ஒவ்வொன்றையும் பக்கத்தில் போய் ஒரு முறை, தள்ளி நின்று ஒரு முறை, குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் பதிவு செய்யுங்கள். வாரும் பலகையின் ஒலியை முழங்கால் உயரத்தில் மைக்கை வைத்து எடுத்தால் அந்த இழுப்பின் பாரம் கேட்பவர் தோளில் உட்காரும். இவற்றோடு, ஒன்றுமே நடக்காதபோது இருக்கிற அந்த இடத்தின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். பேட்டி எடுத்த அறையிலும் அப்படியே. வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது கட்டாயம் தேவைப்படும்.

ஷட்டர் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலிப்பதிவு ஓடும்போது படம் எடுக்காதீர்கள். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருக்கிறது, ஆனாலும் உங்கள் கவனம் இரண்டாகப் பிரியும். நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது

ஒரு படத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது பத்திரிகைப் புகைப்படக்காரரின் பயிற்சி. முன்னால் முகம், நடுவில் வேலை, பின்னால் உப்புக் குவியல், அதற்கும் பின்னால் வானம். அந்தப் படம் முதல் பக்கத்துக்குப் பிரமாதமாக இருக்கும். பல்லூடகக் கதையில் அதே படம் ஐந்து நொடியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும்; அடுத்த படத்துக்கு வேலை இருக்காது. ஆகவே சொல்ல வேண்டியதைப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். இடம் தனியாக. கை தனியாக. உப்புநீர் பட்டு வெடித்த பாதம் தனியாக. முகம் வேலை செய்யும்போது, முகம் வேலையை நிறுத்தும்போது. பலகையைத் தூக்குவது, இழுப்பது, விடுவது என்று ஒரே செயலை மூன்று படமாக. ஆள் சட்டகத்துக்குள் வருவது, சட்டகத்தைவிட்டுப் போவது. இந்தக் கடைசி இரண்டையும் நிழற்படக்காரர்கள் எடுப்பதே இல்லை. ஆள் போய்விட்டால் கேமராவை இறக்கிவிடுவார்கள். வெறும் வரப்பு இருக்கும் படம்தான் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு உங்களைக் கொண்டுபோகும். ஒரு வரிசைக்குக் குறைந்தது ஐந்து கோணங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பின் வெண்மை கேமராவின் ஒளிமானியை ஏமாற்றும். வெள்ளையைச் சாம்பல் நிறமாக்க முயன்று படத்தை இருட்டாக்கிவிடும். ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள், ஆனால் உப்பின் பரல்கள் கரைந்து வெறும் வெள்ளையாகிவிடாதபடி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் வெளிச்சம் மேலிருந்தும் கீழிருந்தும் வரும்; தலைத்துணிக்குள் இருக்கும் முகத்தைத் தரையிலுள்ள உப்பே நிரப்பி ஒளியூட்டும். அந்த வெளிச்சம் உங்களுக்கு வசதி, அவர்கள் கண்ணுக்குத் தண்டனை. அதையே படமாக்குங்கள்.

உப்பளத்தில் லென்ஸ் மாற்றக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கேமராவையும் ட்ரைபாடையும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்த பிறகே பையில் வையுங்கள்.

காணொலி எப்போது? அசைவில்தான் பொருள் இருக்கிறது என்றால் மட்டும். மடை திறந்து நீர் பாத்திக்குள் ஏறுவது, பலகையின் ஒரு முழு இழுப்பு, கூடை தலைக்கு ஏறும் அந்தக் கணம். ட்ரைபாடில் வைத்து, அசைக்காமல், ஒவ்வொன்றும் பத்து நொடியாவது ஓடவிடுங்கள். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த அளவில் பட்டை ஓடாது. நல்ல நிழற்படம் கிடைக்கப் போகும் கணத்தில் வீடியோவுக்கு மாறும் சபலம் வரும். மாறாதீர்கள். உங்கள் பலம் நிழற்படத்தில் இருக்கிறது.

ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுபவர்கள் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளைப் படித்துவிட்டு, டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். விமான நிலையமும் துறைமுகமும் உள்ள ஊரில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலிருந்து பாத்திகள் அழகாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்த உயரத்திலிருந்து யார் முகமும் தெரியாது. ஒரு கதைக்கு ஒரு ஷாட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

வெட்டும் மேசை

மென்பொருளைத் திறக்கும் முன் காகிதத்தை எடுங்கள். பேட்டி முழுவதையும் கேட்டு, நேரக் குறிப்புடன் கையால் எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுதுவது அலுப்பான வேலைதான். இதைத் தாண்டிக் குதிக்க எந்தக் குறுக்குவழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் எழுதும்போதுதான் எந்த வாக்கியம் திரும்பத் திரும்ப காதில் நிற்கிறது என்பது தெரியும். அதைக் கோடிடுங்கள். கோடிட்டவற்றை வரிசைப்படுத்துங்கள். பிறகு ஒலியை மட்டும் டைம்லைனில் வைத்து வெட்டுங்கள். ஒலிக்கு ஆடாசிட்டி, படத்தோடு சேர்க்க டாவின்சி ரிசால்வ். முதலாவது இலவசம், இரண்டாவதன் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குத் தாராளம்.

‘வணக்கம், என் பேரு…’ என்று தொடங்க வேண்டாம். பெயரைத் திரையில் எழுதிக்கொள்ளலாம். முதல் பத்து நொடி இடத்தின் ஒலிக்குக் கொடுங்கள்: இருட்டு, மோட்டார், கால்கள். அதன்பின் அவருடைய மிக உறுதியான வாக்கியம். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே மூச்சு விட இடம் கொடுங்கள். அங்கே பலகையின் ஒலி தலைதூக்கட்டும். இரண்டரை நிமிட ஒலி தயாரானதும் அதை வேலை எதுவும் செய்யாமல், திரையைப் பார்க்காமல், இந்தக் கதையை அறியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். படமே இல்லாமல் அவருக்குப் புரிந்து, கடைசி வரை கேட்டாரென்றால் கதை நின்றுவிட்டது. இடையில் கைபேசியை எடுத்தாரென்றால் எந்த இடத்தில் எடுத்தார் என்று குறித்துக்கொண்டு அங்கே வெட்டுங்கள்.

இப்போது படங்கள். ஒரு படத்துக்கு நான்கு முதல் ஆறு நொடி என்று கணக்கிட்டால் இரண்டரை நிமிடத்துக்கு முப்பது படம் போதும். அவர் ‘கண்ணு’ என்று சொல்லும்போது கண், ‘காலு’ என்று சொல்லும்போது கால் என்று வைக்காதீர்கள். அது பாடப்புத்தகப் படவிளக்கம். கண் கூசுவதைப் பற்றி அவர் சொல்லும்போது வெயிலில் மின்னும் வெற்றுப் பாத்தியைக் காட்டுங்கள். கூசுவதைப் பார்ப்பவரே உணரட்டும். ஒவ்வொரு படத்தையும் மெல்ல உள்ளே இழுத்து வெளியே விடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். நல்ல படம் அசையாமல் நிற்கும்.

சினிமாப் பின்னணி இசை வேண்டாம். காப்புரிமைச் சிக்கல் ஒருபுறம். அதைவிட முக்கியம், சோக வயலின் வந்தவுடன் பார்ப்பவர் என்ன உணர வேண்டும் என்று நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள், அந்த அக்காவின் குரலுக்கு அதன்பின் வேலை இல்லை. வேறு இடத்தில் பதிவான ஒலியைக் கொண்டுவந்து சேர்ப்பதும் கூடாது. நிழற்படத்தில் இல்லாத காக்கையை ஒட்டவைப்பதற்கும், உப்பளத்தில் இல்லாத அலையோசையைச் சேர்ப்பதற்கும் செய்தியின் கண்ணில் வேறுபாடு கிடையாது. வாக்கியங்களின் வரிசையை மாற்றலாம். அதனால் அர்த்தம் மாறினால் மாற்றக் கூடாது. ஐயம் வந்தால் வெட்டிய ஒலியை அவரிடமே போட்டுக் காட்டிக் கேளுங்கள்.

அவர் சொல்லாத தகவல்களை, அதாவது உற்பத்தி நிலவரம், மழைக்கால வேலையின்மை போன்றவற்றை, இரண்டு மூன்று எழுத்து அட்டைகளில் சொல்லிவிடுங்கள். கைபேசியில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம்; ஆகவே சப்டைட்டில் கட்டாயம். அதில் அவர் ‘அவிய வாராவ’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். வட்டார வழக்கைப் பாடநூல் தமிழாகத் திருத்துவது அவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குவதாகும்.

அலுவலகத்தில்

இந்த வேலைக்கென்று தனி நாள் கேட்டால் கிடைக்காது. அச்சுக்கும் சேர்த்தே கேளுங்கள். மாவட்டப் பக்கத்துக்கு நான்கு படக் கட்டுரை ஒன்று, அதன் மூலையில் க்யூஆர் கோடு, அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் ஒலியும் படமும். செய்தி ஆசிரியருக்கு அன்றைய பக்கம் நிரம்புகிறது, உங்களுக்கு இணையத்தில் இடம் கிடைக்கிறது. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது, எனவே செங்குத்து வடிவிலும் முழுக் கதையைச் சொல்ல முடியும். அதற்காகக் கிடைமட்டப் படங்களை வெட்டிச் சிதைக்காமல், களத்திலேயே ஒவ்வொரு வரிசையிலும் சில படங்களைச் செங்குத்தாக எடுத்துவிடுங்கள்.

படத்தில் இருப்பவர் நாளையும் அங்கேதான் வேலை செய்வார்

செய்தி வெளியான மறுநாள் நீங்கள் வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள். அவர் அதே பாத்தியில், அதே கணக்குப்பிள்ளையின் முன்னால் நிற்க வேண்டும். கூலியைப் பற்றியோ மேஸ்திரியைப் பற்றியோ அவர் பேசியிருந்தால், ‘இது உங்க குரல்லயே எல்லாரும் கேப்பாங்கக்கா, பரவாயில்லையா?’ என்று வெளியிடும் முன் மறுபடி கேளுங்கள். அச்சில் பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைக்கலாம். குரலை அப்படி மறைக்க முடியாது; தெருவே அடையாளம் கண்டுகொள்ளும். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். தொழிலாளியின் சம்மதம் ஒன்று, அளத்து முதலாளியின் அனுமதி இன்னொன்று. ஒன்று கிடைத்ததால் மற்றது தேவையில்லை என்றாகிவிடாது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் பாதிக்கப்பட்ட, பராமரிப்பு தேவைப்படும், அல்லது வழக்கில் சிக்கிய குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதைத் தடை செய்கின்றன. முகத்தை மங்கலாக்கிவிட்டுத் தெருவையும் பள்ளிச் சீருடையையும் காட்டுவது அடையாளத்தை வெளியிடுவதுதான். பேசும் குழந்தையின் குரலுக்கும் இது பொருந்தும்.

பத்திரப்படுத்துதல்

2005-இல் ஜோ வைஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் உருவாக்கிய சவுண்ட்ஸ்லைட்ஸ் என்ற எளிய மென்பொருளைக் கொண்டு உலகம் முழுவதும் செய்தித்தாள் புகைப்படக்காரர்கள் ஒலியோடு ஓடும் படக்கதைகளைச் செய்தார்கள். அவை ஃப்ளாஷ் தொழில்நுட்பத்தில் ஓடியவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷை நிறுத்தியது. வீடியோவாக மாற்றிவைக்கப்படாத அந்தக் கதைகள் திறக்காமல் போயின. மூல ஒலியையும் மூலப் படத்தையும் தனியாக வைத்திருந்தவர்கள் மட்டும் மறுபடி கட்டிக்கொள்ள முடிந்தது.

ஆகவே முடிந்த வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வேறு கட்டடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, இடம், உள்ளடக்கம் மூன்றும் இருக்கட்டும். ‘உப்பளம் புதுசு ஃபைனல் 2’ என்ற பெயர் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டம் மூழ்கி, உப்பளங்களும் பாழாயின. அதற்கு முன்பே அங்குள்ளவர்களின் குரலையும் முகத்தையும் சேர்த்து வைத்திருந்த ஒரு புகைப்படக்காரர், வெள்ளத்துக்குப் பிறகு அதே ஆட்களைத் தேடிப்போய், இழப்பு என்ன என்பதை இரண்டு காலங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். வெளியூரிலிருந்து வந்திறங்கும் எந்தத் தொலைக்காட்சிக் குழுவாலும் அது முடியாது. உள்ளூர்க்காரராக இருப்பதன் முழு மதிப்பு அங்கேதான்.

உரிமை யாருக்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் பத்திரிகைக்காக எடுத்ததைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. மற்ற வகைகளில் முதல் உரிமை எடுத்தவருக்கு. நீங்கள் கையெழுத்திட்ட பணி ஒப்பந்தம் இதை மாற்றியிருக்கலாம். எடுத்துப் படித்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் கதையை அவர்களிடம் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், நேரில் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து, குடும்பத்தோடு பார்க்க வையுங்கள். நல்லதாக ஒரு படத்தை அச்சுப்போட்டுக் கொடுங்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்வார்கள், திருத்துங்கள். அடுத்த கதை எது என்பதையும் அங்கே யாராவது சொல்லிவிடுவார்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் பேட்டையில் நீங்கள் பலமுறை படம் எடுத்து, ஒருமுறைகூடப் பேசிப் பார்க்காத ஒருவர் இருப்பார். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, ரெக்கார்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.